சராசரி ஆள்

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில்
டாக்டர் பெண், என் மகன் வயதுதான் இருக்கும்,
சீட்டின் பின்பக்கம் ஒரு கோடு போட்டாள்.
மருந்து ஏற்றாவிட்டால் நாலு மாதம், ஐந்து.
ஏற்றினால் பத்து வரைக்கும் போகலாம்.
"சராசரியாச் சொல்றேன் அய்யா."

முப்பத்தொரு வருஷம் மூணாறு தலைப்பில் லஸ்கர் நான்.
ஒருநாளும் ஒரே இடத்தில் நிற்காத மட்டத்தை
கேஜ் பலகையில் பார்த்து, மாசக் கடைசியில்
கூட்டி வகுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டவன்.
சராசரி என்கிற ஆளை
எந்த வரப்பிலும் நான் பார்த்ததில்லை.

குணமாகுமா என்று கேட்டேன்.
ஆகாது என்றாள், கண்ணைத் தாழ்த்தாமல்.
அதனாலேயே அவளைப் பிடித்துப்போனது.

இருபத்தொரு நாளைக்கு ஒரு தடவை, மொத்தம் ஆறு.
ஏற்றிய வாரம் நான் நானாக இருக்கமாட்டேனாம்.
அடுத்த வாரம் பாதி ஆள்.
மூன்றாம் வாரம் காப்பி காப்பியாக ருசிக்கும்போது
மறுபடி பஸ் ஏற வேண்டும்.

வராந்தாவில் வேதாரண்யத்து உப்பளக்காரர் ஒருவர்,
ஆரோக்கியசாமி, நாலாவது தடவைக்கு வந்திருந்தார்.
புருவம்கூட இல்லை.
"புளி புளிக்க மாட்டேங்குது" என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.
போடு என்றா, வேண்டாம் என்றா,
இன்னும் எனக்கு விளங்கவில்லை.

பஸ் சாலியமங்கலம் தாண்டியதும் கணக்கு ஓடியது.
கிடைப்பது ஐந்து மாதம்.
அதைக் கிடைக்கவைக்கப் போவது நாலு.
நீடாமங்கலத்தில் கேட் போட்டிருந்தான், வழக்கம்போல.
நெல் ஏற்றிய கூட்ஸுக்கு இஞ்சின் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.
"இந்த கேட்டில் நின்ற நேரத்தை எல்லாம்
ரயில்வேக்காரன் திருப்பித் தந்தால்
கீமோவே வேண்டாம்" என்றேன்.
தையல்நாயகி சிரிக்கவில்லை.
கொஞ்சம் கழித்து
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.
சிரிப்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

திருப்பூரிலிருந்து செங்குட்டுவன் போனில்
போராடணும்ப்பா என்றான்.
யாரோடு என்று கேட்டேன்.
அவனுக்குப் பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது.

ராத்திரி இருமல் விடவில்லை. தலைப்புக்கு நடந்தேன்.
ஆற்றில் மணல்தான். சித்திரை.
இந்த ஷட்டர் மேல் உட்கார்ந்துதான்
அத்தனை பீடியும் குடித்தேன்.
ஒரு பஞ்ச வருஷம் கடைமடைக்காரர்கள்
நடுராத்திரி கம்போடு வந்தார்கள்.
உத்தரவில்லாமல் நாலு அங்குலம் தூக்கிவிட்டேன்.
அந்தத் தண்ணீர் முத்துப்பேட்டை போய்ச் சேர்ந்ததா,
வழியிலேயே மண் குடித்ததா,
யாரும் வந்து சொல்லவில்லை.
வீட்டில் இதைச் சொன்னேன்.
"உங்க ஒடம்பு ஷட்டர் இல்ல" என்றாள்.
சரிதான்.

ஆனியில் தண்ணீர் வரும். அதை எப்படியும் பார்த்துவிடுவேன்.
தை அறுப்புதான் அந்தக் கோட்டுக்கு அப்பால்.
ஆனால் எனக்கென்று ஒரு குழி நிலம் இல்லை.
எவனோ அறுக்கப்போகும் நெல்லுக்கு
நான் ஏன் வாந்தி எடுக்க வேண்டும்?

விடிகாலையில் டிரங்குப் பெட்டியைத் திறந்து
பென்ஷன் புத்தகத்தை எடுத்தேன்.
குடும்ப ஓய்வூதியம் பெறுபவர்: தைலநாயகி.
பதினொரு வருஷமாக அப்படியே கிடக்கிறது.
தைலம். யாரோ ஒரு கிளார்க்கின் மூக்கடைப்பு.
திருத்த ஆறு மாதமாவது ஆகும்,
கருவூலத்தில் நானே நேரில் நிற்க வேண்டும்,
கைநடுங்காமல் கையெழுத்துப் போட வேண்டும்.

"இதுக்காகவா?" என்றாள்.
இதுக்காகத்தான் என்றேன்.
பொய் என்று இருவருக்கும் தெரியும்.
முழுப் பொய் இல்லை என்றும்.

டாக்டரிடம் சொல்லிவிட்டேன்:
இரண்டு தடவை. அப்புறம் ஸ்கேன்.
மூன்றாவதற்கு என்னைக் கேட்க வேண்டும்,
என் மகனை அல்ல.
தலையாட்டி, அதையும் சீட்டில் எழுதிக்கொண்டாள்.

வைகாசி எட்டாம் தேதி முதல் ஊசி.
போகிற வழியில் கருவூலத்தில் இறங்குகிறோம்.
அவளுடைய ஆதார் நகல் இரண்டு,
போட்டோ மூன்று,
ஒரு எலுமிச்சம்பழம், பஸ்ஸில் குமட்டினால் முகர,
எல்லாம் மஞ்சப்பையில் வைத்தாயிற்று.